அடைப்புக்குறிக்குள் ஒரு பெரியவர்

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 43. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் டர்னிங் செய்கிறோம், இன்றைக்கும் சோறு போடுவது அதுதான். மீதி நேரத்தில் ஐந்து வருடமாக நான் செய்வது சினிமாவில் வந்த பொருட்களின் நகல். முக்கியமாக ஒன்று: 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகன் லூக்கின் கைக்கு வரும் ஒளிவாளின் பிடி. பொம்மைக் கடையில் கிடைப்பது மாதிரி விளக்கு எரியாது, சத்தம் வராது. அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கானது. வாங்குகிறவர்களும் என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள்தான், பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா.

அந்தப் பிடியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கிராஃப்லெக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, பழைய பத்திரிகை கேமராக்களுக்குச் செய்த ஃபிளாஷின் கைப்பிடி அது. உள்ளே மூன்று பெரிய பேட்டரி போகும். படத்தின் செட் டெகரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கேமரா கடையில் அதைக் கண்டெடுத்து, கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டி, ஒரு கால்குலேட்டர் திரையில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ் வரிசையைச் செருகி முடித்துவிட்டார். எனக்கோ அது ஒரு வருட வேலை. பணம் சேர்த்து ஒரிஜினல் ஃபிளாஷ் பிடி ஒன்று வாங்கி, வெர்னியர் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் மூன்று வாங்கிய ஒருவர் (பெயர் வேண்டாம்) அதை அப்படியே அளந்து, வேறு எங்கோ கொடுத்து அடித்து, பாதி விலைக்கு விற்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிளாம்ப் பக்கம் என் அளவில் ஒரு சின்னத் தவறு இருந்தது. அவர் விற்பதிலும் அதே தவறு! எங்கள் வட்டத்தில் இதை ரீகாஸ்ட் என்போம். ஒருவர் செய்த பொருளில் அச்சு எடுத்து ரெசின் வார்த்து விற்பதற்கு வந்த சொல், இப்போது எல்லா வகைக்கும் சொல்கிறோம். அதைவிடக் கேவலம் எங்களுக்குள் கிடையாது. ஆனாலும் என்னிடம் வாங்கியவர்களே போய் அவரிடமும் வாங்குகிறார்கள், படம் போடுகிறார்கள். தினமும் ராத்திரி அவர் விற்கும் பக்கத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மனைவி "விடுங்க, இது என்ன கோயில் சிலையா" என்கிறாள். மச்சினன் "நீயே காப்பி, உன்னைக் காப்பியடிச்சா என்ன" என்று சிரிக்கிறான். அவனுக்கு எடுத்துச் சொன்னேன்: ஸ்டார்ம்ட்ரூப்பர், அதாவது அதே படத்தில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களின் தலைக்கவசத்தைப் படத்துக்காகச் செய்து கொடுத்தவர் பிற்பாடு நகல் விற்றபோது படக் கம்பெனி வழக்குப் போட்டது, அது சிற்பம் ஆகாது, பதிப்புரிமை கிடையாது என்று 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவன் காதில் வாங்கவில்லை.

அப்பாவும் இப்படித்தான். "சொன்ன தேதிக்குக் கொடு, அது போதும்" என்பார். ரசனையே கிடையாது.

இப்போது மெயில் பக்கமே போவதில்லை. போனால் அந்த ஆளின் விளம்பரம்தான் கண்ணில் படும். (பதினான்கு பேருக்கு நான் இன்னும் அனுப்பவில்லை, அது வேறு கதை. அட்வான்ஸ் முலாம் பூசும் கடைக்கும் பையன் ஸ்கூல் ஃபீஸுக்கும் போய்விட்டது. ஐந்து பிடி முடிந்து டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, குமிழ் வரிசை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால் அனுப்ப மனம் வரவில்லை. ஓஹியோவில் ஒரு பெரியவர் முழுப்பணமும் கட்டியவர், பிப்ரவரியில் மெயில் போட்டிருக்கிறார், தலைப்பில் உடம்பு சரியில்லை என்று இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.)

என் உழைப்பைத் திருடியவன் நிம்மதியாக இருக்கிறான். நான் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கோபத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

பெயர் வெளியிட வேண்டாம், கோவை.

ஆலோசகர் பதில்:

தம்பி, வயதில் மூத்தவள் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன்.

உங்களிடம் வாங்கி அளந்தவர் கடிதம் முழுக்க இருக்கிறார். ஓஹியோ பெரியவர் ஒரே இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். நான் அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன் அந்த நகல் விவகாரம். ஒரு வருடம் அளந்தது உங்கள் கை, உங்கள் கண். அதை இன்னொருவர் மூன்று பிடியின் விலைக்கு எடுத்துக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் மச்சினன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீங்கள் அவரிடம் காட்டிய அதே தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு: அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினால் அதற்கும் பிரிட்டன் நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தலாம் என்றும் அதே நீதிபதிகள் சொன்னார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அமெரிக்காவில். நமக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். அந்தப் பழக்கம் கடிதத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று மட்டும் நான் பார்க்கிறேன்.

மெயிலைத் திறந்தால் அந்த ஆளின் விளம்பரம் கண்ணில் படும், அதனால் போவதில்லை என்கிறீர்கள். ஆனால் தினமும் ராத்திரி அவர் பக்கத்தை நீங்களே தேடிப் போய்ப் பார்க்கிறீர்களே! ஆக, அவர் முகத்தைப் பார்க்க உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. பார்க்க முடியாதது வேறு ஒருவருடையது. கோபம் வந்தவன் கடிதத்தைப் பிரித்துப் படிப்பான், சுடச்சுட பதிலும் போடுவான். பிரிக்காமல் வைத்திருக்கிறவனுக்கு இருப்பது பயம். பிப்ரவரி போய் இப்போது ஆகஸ்ட் வந்துவிட்டது.

கோபத்தில் ஒரு வசதி இருக்கிறது தம்பி. அதில் உட்கார்ந்திருக்கும் வரை நாம் ஏமாந்தவர், தப்பு முழுக்க எதிராளியுடையது. பதினான்கு பேரின் பணத்தை வாங்கிவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறோம் என்ற இடத்துக்கு நகர்ந்தால் அந்த வசதி போய்விடும். ராத்திரி அவர் பக்கத்தைப் போய்ப் பார்ப்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? அங்கே போனதும் நீங்கள் மறுபடி ஏமாந்தவர் ஆகிவிடுகிறீர்கள், கொஞ்ச நேரத்துக்கு. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். நீங்கள் கெட்டவர் என்று நினைத்திருந்தால் சொல்லவே மாட்டேன். கெட்டவராக இருந்தால் அந்தப் பெரியவரைப் பற்றி எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். எழுத வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த அரை மில்லிமீட்டர். அசல் எப்படி உண்டானது என்று நீங்களே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். கடையில் கிடைத்த பழைய ஃபிளாஷ், மேலே பட்டை, சூப்பர் குளூ, ஒரு கால்குலேட்டர் துண்டு. கேமரா முன்னால் தாங்கினால் போதும் என்று அவசரத்தில் ஒட்டிய சாமான். அதில் எது எத்தனை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்ததோ! நீங்கள் அசலைவிட ஒழுங்கான நகல் செய்யப் பார்க்கிறீர்கள். அது ரசனை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முடிந்த பொருள் பெட்டிக்குள்ளும், காசு கொடுத்தவர் ஓஹியோவிலும் இருக்கும்போது, அதை ரசனை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அனுப்பினால் மறுபடியும் யாராவது அளந்துவிடுவார்களோ என்ற பயம் அதில் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். "ஏன் இவ்வளவு நாள்?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சமும்.

உங்கள் அப்பாவுக்கு ரசனை இல்லை என்று எழுதிவிட்டீர்கள். பம்ப் கம்பெனிக்காரன் ஷாஃப்டுக்காகக் காத்திருந்தால் அவனுடைய வேலையும் நிற்கும், அது அவருக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தில் அவர் சொன்னதாக நீங்கள் எடுத்துப் போட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான், அதுவும் பதினான்கு பேர் விஷயத்துக்குச் சற்று மேலே. உங்களுக்குள் யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். அவருக்குப் புரியவில்லை என்கிறீர்கள். திருட்டைப் பற்றி ஆயிரம் முறை சொல்லியிருப்பீர்கள். ஃபீஸ் கட்டிய பணம் யாருடையது என்று ஒரு முறையாவது சொன்னீர்களா? சொல்லாமல் வைத்திருப்பதை அவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

இனி செய்ய வேண்டியதை நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. புது ஆர்டர் வேண்டாம். பதினான்கு பேருக்கும் உண்மையை நாலு வரியில் எழுதுங்கள்: தாமதம் என்னுடையது, பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா. பணம் கேட்பவர்களுக்குத் தவணையில்தான் முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் தூக்கம் சரியாகவில்லை என்றால் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

அந்த மெயிலை மட்டும் தனியாகத் திறக்காதீர்கள். மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உள்ளே "சீக்கிரம் அனுப்புங்கள், அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன்" என்று இருக்கலாம். "வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று இருக்கலாம். அவர் மகனோ மகளோ எழுதியதாகவும் இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் அது ஆறு மாதமாக அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் திறப்பதால் மாறப்போவதில்லை. உட்காரும் முன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிடியை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அவர் வேண்டும் என்று எழுதியிருந்தால் மறுநாள் காலையிலேயே பார்சல் போட்டுவிடலாம்.