பட்டன் போன் வாங்குகிறீர்களா? விலைக்கு முன்னால் டவரைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “பேசவும் மெசேஜ் அனுப்பவும் மட்டும் போதும். மலிவாக ஒரு போன் சொல்லுங்கள்.” போனைச் சொல்வது சுலபம். 1,500 ரூபாய் பட்டன் போன் நான்கைந்து வருடம் உழைக்கும். அந்த நான்கைந்து வருடத்தில் ரீசார்ஜுக்கு மட்டும் ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை போய்விடும். அதனால் யார் போனைப் பற்றிக் கேட்டாலும் நான் சிம்மிலிருந்துதான் பேச ஆரம்பிப்பேன்.

அம்மாவுக்கு 72 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். 1,500 ரூபாய்க்குள் பட்டன் போன் வாங்கித் தர வேண்டும். எந்தக் கம்பெனி நல்லது?
— வாசகர், தென்காசி மாவட்டம்

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேரை வீட்டுக்குள் கூப்பிடுங்கள். அம்மா படுக்கும் இடத்தில் நின்று பேசிப் பாருங்கள். அடுப்படியிலும் பாருங்கள். திண்ணையில் நான்கு கோடு காட்டும் போன், கான்கிரீட் அறைக்குள் போனதும் ஊமையாகிவிடும். மலையடிவார ஊர்களில் ஒரு தெரு தள்ளினாலே டவர் மாறும். ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் அவர் திண்ணைக்கு வந்து பேச முடியாது. அதனால் படுக்கையருகே எந்த சிம் எடுக்கிறதோ அதுதான் அம்மாவின் சிம்.

சிம் முடிவானால் போனில் பாதி முடிவாகிவிடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2016-இல் தொடங்கியபோதே 4ஜி-யில்தான் தொடங்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் ‘நெட்வொர்க் இல்லை’ என்றுதான் காட்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் ஏராளம். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம்கள் 2ஜி போனிலும் பேசும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் 4ஜி போன்தான். ஆனால் அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். அதற்கென்றே 28 நாளுக்கு 123 ரூபாய் என்று தனி ரீசார்ஜும் அப்போது கொண்டுவந்தார்கள். அம்மா வீட்டில் ஜியோ டவர் நன்றாக எடுத்தால் அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. எடுக்கவில்லை என்றால் அந்த 999 ரூபாய் வீண்தான், போனை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

நீங்கள் கேட்டதால் என் விருப்பத்தைச் சொல்கிறேன்: பட்ஜெட்டை 2,500 வரை நீட்ட முடிந்தால், எந்த சிம்மும் ஏற்கும் 4ஜி பட்டன் போன் வாங்குங்கள். நோக்கியா 110 4ஜி போன்றவை இந்த ரகம். நாளைக்கு டவர் மாறினாலும் சிம்மை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியில் ‘வோல்ட்டி’ வசதி, அதாவது 4ஜி-யிலேயே அழைப்பு பேசும் வசதி, உண்டு என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். 5-ஆம் எண்ணின் மேல் சின்ன மேடு இருந்தால் கண் பார்க்காமலே விரல் வழி கண்டுபிடிக்கும். டார்ச்சுக்குத் தனி பட்டன் இருந்தால் நல்லது. சார்ஜர் பின், எந்தப் பக்கம் சொருகினாலும் நுழையும் டைப்-சி ஆக இருந்தால் வயதானவர்களுக்குப் பெரிய நிம்மதி. மைக்ரோ பின்னைத் தலைகீழாக அழுத்தி ஓட்டையையே உடைத்துக்கொண்டு வந்தவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பேட்டரி கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி போடும் போன் என்றால் எந்தச் சின்ன ஊரிலும் மாற்று கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தக் காலத்து பேட்டரி மட்டும் பெட்டிக்கடை வரை நிற்கிறது.

கடைசியாக ஒன்று. 2017 ஜனவரி 1-இலிருந்து இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்கு அவசர அழைப்பு போக வேண்டும் என்பது சட்டம். உங்கள் மாடலில் எந்த எண் என்று கையேட்டில் பார்த்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். கடையில் வைத்து அமுக்கிச் சோதிக்காதீர்கள், அழைப்பு உண்மையிலேயே போய்விடும். 2-ஐ அழுத்தினால் நீங்கள், 3-ஐ அழுத்தினால் பக்கத்து வீடு என்று ஸ்பீடு டயல் போட்டுக்கொடுங்கள்.

எனக்கு நெட் வேண்டாம். ஆனாலும் டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்யச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இருக்கிறது ஐயா. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. அதே உத்தரவில் இப்படிப்பட்ட சிறப்பு ரீசார்ஜ் பேக்குகளின் வேலிடிட்டியை 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டவும் இடம் கொடுத்தது. 2025 ஜனவரியில் வந்த பேக்குகள் இப்படி இருந்தன: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849, ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748, வி-யில் 84 நாளுக்கு 470, வருடத்துக்கு 1,849. விலை மாறிக்கொண்டே இருக்கும், கடையில் இன்றைய விலையைக் கேளுங்கள். “டேட்டா இல்லாத பேக்” என்று சொல்லியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

கணக்குப் போட்டால் ஏர்டெல் 84 நாள் பேக் நாளுக்கு ஐந்தரை ரூபாய் சொச்சம், வருட பேக் ஐந்து ரூபாய் சொச்சம். மிச்சம் பெரிதல்ல. வருட பேக்கில் பெரிய வசதி, நடுவில் மறந்துபோய் வேலிடிட்டி தீர்ந்து, பிள்ளைகள் கூப்பிட்டால் லைன் போகாமல் கிடக்கும் நிலை வராது என்பதுதான். புது சிம் என்றால் முதலில் 84 நாள் போட்டுப் பாருங்கள். மழைக்காலத்திலும் டவர் நிற்கிறது என்று தெரிந்த பிறகு வருடத்துக்குப் போடலாம்.

எங்கள் மகளிர் குழுவில் 15 பேர். கூட்டத் தகவலைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறேன். ஒரே மெசேஜ்தான் அனுப்பினேன், ஆனால் நாற்பதுக்கு மேல் எஸ்எம்எஸ் கழிந்துவிட்டது. ஏன்?
— குழுத் தலைவி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் போனில் கோளாறு இல்லை அம்மா, எஸ்எம்எஸ்ஸின் அமைப்பே அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் நாம் எண்ணும் எழுத்து வேறு, போன் எண்ணும் இடம் வேறு. ‘க்’ என்பது நமக்கு ஓர் எழுத்து; போனுக்கு ‘க’ ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு இடம். ‘பொங்கல் வாழ்த்துகள்’ நமக்குப் பத்தே எழுத்து. போன் கணக்கில் நடுவிலுள்ள இடைவெளியோடு 19.

70-ஐத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும். துண்டுகளை ஒட்டும் குறிப்புக்கே கொஞ்சம் இடம் போவதால் ஒவ்வொரு துண்டிலும் 67 இடம்தான் மிஞ்சும். உங்கள் தகவல் 150 இடம் என்று வைத்துக்கொண்டால் மூன்று துண்டு. 15 பேருக்கு 45 எஸ்எம்எஸ். டேட்டா இல்லாத 84 நாள் பேக்கில் ஏர்டெல் கொடுத்தது 900 எஸ்எம்எஸ். இப்படி 20 தடவை அனுப்பினால் அவ்வளவும் தீர்ந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் மிச்சமாகும் என்று கடையில் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். உங்கள் குழுவில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அக்காமார் இருப்பார்கள், ஆங்கில எழுத்து அவர்களை வெளியே நிறுத்திவிடும். அதைவிடச் சுருக்கமாக எழுதிப் பழகுங்கள். ‘கூட்டம் ஞாயிறு காலை 10, கோயில் மண்டபம்’ என்றால் 70-க்குள் அடங்கிவிடும். வணக்கம், விளக்கம், நன்றி எல்லாம் நேரில் சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று: முழுக்க ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு வந்துவிடும். ஸ்மார்ட்போனிலிருந்து அனுப்பும் பொம்மைச் சிரிப்புக்கும் இதே கதிதான்.

புதிதாக போன் வாங்கும் உறுப்பினர்களிடம், கடையிலேயே ஒரு தமிழ் மெசேஜை வரவழைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய போன்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தம்பிக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. எஸ்எம்எஸ்தான் அவனுக்கு எல்லாம். மலிவான பட்டன் போன் எது?
— வாசகி, ஈரோடு

பட்டன் போன் வேண்டாம் என்று சொல்லத்தான் மனம் வருகிறது. மேலே சொன்ன பேச்சு பேக்குகளில் அவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அவரால் பயன்படுத்தவே முடியாத அழைப்புகளுக்குப் போகிறது. கிடைக்கும் எஸ்எம்எஸ் நாளுக்குப் பத்து சொச்சம். எஸ்எம்எஸ்ஸிலேயே பேசுகிறவருக்கு அது காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். சாதாரண டேட்டா பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ் கிடைக்கும். அதோடு செகண்ட் ஹேண்டிலாவது ஒரு சின்ன ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள். வீடியோ அழைப்பில் அவர் சைகை மொழியில் நண்பர்களோடு பேசலாம். எழுதிப் பேசுவதும் முகம் பார்த்துக் கையால் பேசுவதும் ஒன்றல்ல. வாங்கும்போது அதிர்வை அவர் சட்டைப் பையில் வைத்துச் சோதியுங்கள், மலிவு போன்களில் அதிர்வு உணரவே முடியாதபடி இருக்கும்.

காது மிஷின் போட்டிருக்கிறேன். பட்டன் போனைக் காதில் வைத்தால் ‘கர்ர்ர்’ என்று இரைகிறது.
— வாசகர், மதுரை

முன்பெல்லாம் அழைப்பு வரும் முன்னே பக்கத்திலிருக்கும் ரேடியோ படபடக்குமே, நினைவிருக்கிறதா? அதே காரணம்தான். 2ஜி போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பும். அந்தத் துடிப்பைத்தான் காது மிஷின் இரைச்சலாகப் பிடிக்கிறது. 2ஜி-யில் போன் 2 வாட் வரை சக்தியை வெளியிடும். 4ஜி-யில் அது 0.2 வாட்டுக்குள். டவர் மெலிந்த இடத்தில் போன் இன்னும் உரக்கக் கத்துவதால் இரைச்சலும் கூடும். வோல்ட்டி வேலை செய்யும் 4ஜி பட்டன் போனுக்கு மாறுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவரை ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்துப் பேசுங்கள்.

பேசாமலே பேலன்ஸ் குறைகிறது.
— வாசகர், அரியலூர்

திரையில் தானாக வந்து நிற்கும் ஜோசியம், கிரிக்கெட், பாட்டு அறிவிப்புகளுக்கு ‘ஓகே’ அமுக்கியிருப்பீர்கள். பட்டன் போனில் நடு பட்டனே ஓகே என்பதால் பையில் இருக்கும்போதுகூட அமுங்கிவிடும். ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் 155223-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், கட்டணம் இல்லை. பிறகு மெனுவில் சிம் சேவைகள் பகுதிக்குப் போய் இந்த அறிவிப்புகளையே நிறுத்திவிடுங்கள். கீபேடு லாக் போடும் பழக்கமும் வரட்டும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். வங்கிக் கணக்கோடு இணைத்த ஊர் சிம் சும்மா கிடக்கிறது. எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?
— வாசகர், துபாய்

பேச்சு, அனுப்பும் எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லாமல் 90 நாள் கடந்தால் எண்ணைத் துண்டிக்கலாம். ப்ரீபெய்டு கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால், அந்த 20-ஐக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் விதி. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண் சில மாதம் கழித்து வேறொருவர் கைக்குப் போகலாம், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். வேலிடிட்டி தீர விடாமல் ரீசார்ஜ் போட்டு, அந்த சிம்மை ஊரில் அப்பாவின் பட்டன் போனில் இரண்டாவது சிம்மாகச் செருகி வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அதிலிருந்து உங்களைக் கூப்பிட்டால் போதும்.

செகண்ட் ஹேண்டு போன், திருட்டுப் போனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— மாணவர், சிதம்பரம்

*#06# அடித்தால் அந்த போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று எழுதி 14422-க்கு அனுப்புங்கள். முடக்கப்பட்ட எண் என்று பதில் வந்தால் காசு கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்ணையும் பாருங்கள். பில் இல்லாவிட்டால் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஓடிபி வரவில்லை. டவர் இருக்கிறது, அழைப்பும் வருகிறது.
— பென்ஷன்தாரர், நாகர்கோவில்

மெசேஜ் பெட்டி நிரம்பியிருக்கும். பட்டன் போன்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எஸ்எம்எஸ் நிற்காது. நிரம்பிவிட்டால் புதியது வெளியே காத்துக் கிடக்கும். திரையில் உறை படம் மின்னிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். விளம்பர மெசேஜ்களை அழியுங்கள், காத்திருப்பவை வர ஆரம்பிக்கும். ஓடிபி மட்டும் அதற்குள் காலாவதியாகியிருக்கும், இன்னொரு தடவை கேட்டு வாங்குங்கள். பேரனின் பிறந்தநாள் வாழ்த்து அந்தக் குவியலுக்குள் இருந்தால் அதை மட்டும் அழிக்காமல் விட்டுவிடுங்கள்.