பத்தாவது படிக்கும் மகள் விண்கப்பல் கதை எழுதுகிறாள், நிறுத்தச் சொல்லலாமா?

கேட்டவர் சொல்வது: மகள் முழுக்க முழுக்க ஒரு விண்கப்பலுக்குள்ளேயே நடக்கும் கதை எழுதுகிறாள், எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள், படிப்பு கெட்டுவிடுமோ என்று பயம்.

நிறுத்தாதீங்க. அடுத்த வருடம் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கும் யோசனை உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். என்னை 2002இல் அப்படி ஒரு பள்ளியில்தான் விட்டார்கள். விடியக்காலை ஐந்துக்கு மணி, ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஐந்து நிமிடம் போன். ஜன்னலுக்கு வெளியே மதில் சுவர். அங்கே உட்கார்ந்து கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் கதை எழுதினேன்.

கப்பலிலேயே பிறந்த பதினாலு வயதுப் பெண். கிளம்பியவர்கள் செத்துப்போனார்கள், இறங்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் பிறந்தவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான கதை கிடையாது என்று இப்போதும் சொல்வேன். அறிவியல் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் 4.24 ஒளியாண்டு தள்ளியிருக்கும், சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்குப் போக எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அதைவிடப் பல மடங்கு வேகமாகப் போனாலும் தலைமுறைக் கணக்குதான். பால் சொசைட்டிக்குப் போகையில் தூக்குப்போசியைத் தலைக்கு மேல் சுழற்றுவேன், ஒரு சொட்டு சிந்தாது. உள்ளே இருப்பவர்கள் மிதக்காமல் தரையில் நிற்க என் கப்பலும் அப்படியே சுற்றியது. 224 மீட்டர் ஆரம், நிமிடத்துக்கு இரண்டு சுற்று, பூமியில் நிற்கிற அதே எடை. பிசிக்ஸ் சூத்திரம் வைத்து நானே போட்ட கணக்கு.

வார்டன் நோட்டைப் பிடித்துவிட்டார். அப்பாவை வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர், ஆபீசில் அவர்கள் திட்டியதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டார். வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தார். அடிதான் விழும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் அம்முணி, இந்தக் கப்பல்ல கடமடைக்கு யாரு தண்ணி உடறது?"

"மெசினு எல்லாருக்கும் சமமா அனுப்பும்ப்பா."

"சமமாப் போகும்னு எழுதிட்டாப் போயிருமா சாமி?"

எங்கள் காடு, அதாவது விளைநிலம், கீழ்பவானிக் கிளைவாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. மெயின் வாய்க்கால் மட்டும் 200 கிலோமீட்டர், பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம், மறு வருடம் மாறும். சட்டம் அவ்வளவு சுத்தம். ஆனாலும் எங்கள் முறை வருகிற ராத்திரி அப்பா டார்ச்சும் மண்வெட்டியுமாக மேல்மடை வரைக்கும் நடந்து போய்க் காவல் நிற்பார். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு அப்பியிருக்கும். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான்தான் கப்பலில் தண்ணீர் பிரச்சினையை ஒரே வரியில் முடித்திருந்தேன். விண்வெளி நிலையத்தில் இன்று மூத்திரம், வியர்வை உட்பட நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். போகிற அந்த 2 பங்கு யார் வீட்டுக் குடத்தில் குறைகிறது என்பதில்தான் என் கதை திரும்பத் தொடங்கியது.

மார்க் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பள்ளியில் வாங்கிய மார்க்கில்தான் காலேஜ் சீட் கிடைத்தது, இன்று சம்பளம் வாங்குகிறேன். கதையால் எனக்கு ஒரு மார்க்கும் குறையவில்லை. "காட்டுக்காரன் பிள்ளைக்கு ராக்கெட் எதுக்கு" என்று யாராவது கீழே எழுத வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: 2008இல் நிலவுக்குப் போன சந்திரயான் 1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடிக்காரர்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் தவறாமல் கட்டுகிறேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகம் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கிற நாளிலும் கைக்கு எட்டுகிற தட்டு முழுக்கப் போட்டித் தேர்வு கைடுதான். பதினைந்து வயதுக்கென்று ஒரு தட்டு கிடையாது. ஒன்று படக்கதை, இல்லாவிட்டால் பெரியவர்கள் நாவல். இருக்கிற ஒரே வழியாக ஆங்கிலத்தில் படித்துவிட்டு உங்கள் மகள் ஆங்கிலப் பெயர் வைக்கிறாள். அது அவள் தப்பா?

பெயரை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். என் கதாநாயகிக்கும் முதலில் லிசா என்றுதான் பெயர். அவள் நோட்டைக் காட்டினால் உட்கார்ந்து படியுங்கள், புரியாததைக் கேளுங்கள். அப்பா வந்துபோன அன்று ராத்திரி ஸ்டடியில் லிசாவை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பொன்னாத்தா என்று எழுதினேன். அது எங்கள் அப்பத்தா பேர்.