அக்காவுக்கு பிஆர்சிஏ1 பிறழ்வு: தம்பியிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 42 வயதில் சினைப்பைப் புற்றுநோய். மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறழ்வு (மாற்றம்) இருப்பதாக வந்திருக்கிறது. எனக்கு வயது 34. ஒரு குழந்தை போதும் என்று இருக்கிறோம். நானும் சோதனை செய்ய வேண்டுமா? “ஆம்பளைக்கு எதுக்கு, தம்பிகிட்ட சொல்லாதே” என்கிறார் அம்மா. என் 9 வயது மகளுக்கும் பார்த்துவிடலாமா?

பதில்: சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் முடிவெடுக்கத் தகவல் வேண்டுமே! அதைத் தம்பியிடம் மறைக்காதீர்கள். அக்காவின் சம்மதம் பெற்றுச் சொல்லுங்கள்.

இந்தப் பிறழ்வு ஆண், பெண் பார்ப்பதில்லை. உங்களுக்கும் தம்பிக்கும் தலா 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தம்பிக்கு இருந்தால் புராஸ்டேட், கணையம், மார்பகப் புற்றுநோய்களின் அபாயம் ஓரளவு கூடும். அவருக்கு எதுவுமே வராமல் அவர் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவும் கூடும்.

முதலில் அக்காவின் ரிப்போர்ட்டை முழுதாக நகலெடுங்கள். மரபணுவின் பெயரை ஒட்டி ‘சி.68_69டெல்’ என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். ஆய்வகம் உங்கள் ரத்தத்திலோ உமிழ்நீரிலோ தேட வேண்டியது அதே குறியீட்டைத்தான். அது இல்லையென்று வந்தால் உங்கள் அபாயம் ஏறத்தாழ மற்ற பெண்களுக்கு உள்ள அளவே. மகளுக்கும் உங்கள் வழியாக இது போகாது. வீட்டுக்கே வரும் மரபணுப் பரிசோதனை கிட்களில் பல, குறிப்பிட்ட சில பிறழ்வுகளை மட்டுமே பார்க்கும். அதில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவது ஆபத்து.

குறியீட்டுக்குப் பக்கத்தில் ‘பேத்தோஜெனிக்’ (நோயை உண்டாக்கக் கூடியது) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘வி.யு.எஸ்.’ என்றிருந்தால், அதனால் நோய் வருமா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது.

உங்களுக்கும் பிறழ்வு இருந்தால், வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சுமார் 40 முதல் 60 சதவீதம். மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, மேமோகிராம் இரண்டும் உண்டு. சினைப்பையில்தான் சிக்கல். ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள், குழந்தைப்பேறு முடிந்தபின், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறோம். உங்கள் வயதில் தள்ளிப்போடாமல் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோவதால் எலும்புக்கும் இதயத்துக்கும் வரும் பாதிப்பையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் அவர் சோதனைக்குச் சம்மதித்தால், பிறழ்வு எந்த வழியில் வந்தது என்று தெரிந்துவிடும். அவருக்கு இருந்தால் அவருக்கே பாதுகாப்பு வேண்டும். சித்தி, மாமா குடும்பங்களுக்கும் சொல்லலாம். இல்லையென்றால் அது அப்பா வழி. சொல்ல வேண்டியது அத்தை, சித்தப்பா வீடுகளுக்கு. வாயால் சொல்வதைவிட, குறியீட்டோடு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுப்பது நல்லது.

மகளுக்கு இப்போது சோதனை வேண்டாம். சிறு வயதில் இதற்கென்று செய்ய வேண்டிய சிகிச்சையோ கண்காணிப்போ எதுவும் இல்லை. 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவெடுக்கட்டும். அதுவரை அந்த ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.