மாஸ்டரிடம் கேளுங்கள்: லண்டன் மச்சானின் வாக்கு

கேள்வி: என் மச்சான் டிக்கோயாவில் பிறந்து லண்டனில் இருப்பவர். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்டாராம். தானே போய்க் குடியேறியவர், மாஸ்டர், வந்தவர்களை எப்படி எதிர்க்கிறார்?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: உங்கள் மச்சானைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, தம்பி. அந்த வாக்கெடுப்பில் அங்கே குடியிருந்த, நம் இலங்கை உட்பட்ட பொதுநலவாய நாட்டவருக்கு வாக்கு இருந்தது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த போலந்துக்காரருக்கு இல்லை. மற்றப்படி எல்லாம் தலைகீழ். அப்போது போலந்துக்காரர் விசா இல்லாமல் பஸ் ஏறி வந்து வேலை தேட முடிந்தது. நம்மவர் இங்கிருந்து மனைவியைக் கூப்பிட, 2012இலிருந்து வருடத்துக்கு 18,600 பவுண் வருமானம் காட்டவேண்டியிருந்தது. அந்த எரிச்சல் இருக்கத்தானே செய்யும்? வெளியேறினால் நம் பக்கத்து ஆட்களுக்கு இடம் கிடைக்கும் என்று அங்குள்ள கறிச்சோற்றுக் கடை முதலாளிகளிடம் பிரசாரம் செய்தவர்களும் உண்டு. ஒரு வகையில் அது பலித்தது. 2021க்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போனவர்கள்தான் அதிகம். இப்போது அங்கே கோபம் அவர்கள் மேல் திரும்பியிருக்கிறது. மச்சானிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐரோப்பா ஒன்றானதற்கும் வலதுசாரிக் கட்சிகள் வளர்ந்ததற்கும் என்ன சம்பந்தம்?
(வாசகி, தலவாக்கலை)

பதில்: 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன, அதில் 8 கிழக்கு, மத்திய ஐரோப்பாவைச் சேர்ந்தவை. அந்த நாட்டு ஆட்கள் வேலைக்கு வரப் பிரித்தானியா உடனே கதவைத் திறந்தது. வருடத்துக்கு 5,000 முதல் 13,000 பேர் கூடுதலாக வருவார்கள் என்று அரசாங்கம் எழுதவைத்த அறிக்கை சொன்னது. ஜெர்மனியும் திறக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. ஜெர்மனி 2011 வரை திறக்கவில்லை. பிரித்தானியாவுக்கு வந்தவர்கள் பல லட்சம்.

பொஸ்டன் என்று இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். சுற்றிலும் கோவா, உருளைக்கிழங்குத் தோட்டங்கள், நம் நுவரெலியா மாதிரி, மலை மட்டும் இல்லை. போலந்து, லித்துவேனியா ஆட்கள் அங்கே வெட்டவும் பொதி கட்டவும் வந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுக்கும் இடைத்தரகர்களை அங்கே ‘கேங்மாஸ்டர்’ என்பார்கள். கங்காணி என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும். பண்ணைக்காரருக்கு மலிவாக ஆள் கிடைத்தது. வாடகை கூடியது, டாக்டரிடம் வரிசை நீண்டது. 2016இல் அந்த ஊரில் 75.6 வீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 2013இல் தொடங்கியபோது கிரேக்கத்தின் கடனுக்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டது. 2015இல் அகதிகள் வந்ததும் சரக்கை மாற்றிக்கொண்டது. 2025இல் 20.8 வீத வாக்கு எடுத்தது. அதற்கு வாக்கு அதிகம் விழுவது கிழக்கு ஜெர்மனியில், வெளிநாட்டவர் குறைவாக இருக்கும் பக்கம்! தொழிற்சாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் மேற்கே போய்விட்ட ஊர்கள் அவை.

கேள்வி: அந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா, மாஸ்டர்?
(வாசகர், அட்டன்)

பதில்: இருக்கிறது. அதனால்தான் அது எடுபடுகிறது. கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயியின் காடும் மேய்ச்சல் நிலமும் தோட்டமாகிப் போனது பொய்யா? எடுத்தவன் வெள்ளைக்காரன். கோபம் துரை பங்களாவுக்கு ஏறிப் போகாமல், தோட்டத் தொழிலாளரான நம்மவர் குடியிருந்த லயத்துக்கு இறங்கி வந்தது. 1947 தேர்தலில் நம்மவர் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. அடுத்த வருடமே நம்மவர் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது, அதன் பின் வாக்கும் போனது. வந்தவன் எண்ணிக்கையில் நம்மை அமுக்கிவிடுவான் என்று அன்று கொழும்பில் பேசியதைத்தான் இன்று பாரிசிலும் பேசுகிறார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மாவோடு அட்டனுக்குப் போன பஸ்சில் சீட்டுப் பிரச்சினை. பக்கத்தில் நின்றவர் ‘கள்ளத்தோணி’ என்றார். அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா மறுபடி சுற்றி, மடித்து, பைக்குள் வைத்தார்.