புளூடூத் அனுமதி கேட்கும் செயலிகளுக்கு அதைக் கொடுக்கலாமா?

மளிகைச் செயலி முதல் காணொளிச் செயலி வரை பலவும் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதியைக் கேட்பதாகவும், மறுத்துவிட்டால் புளூடூத் இயர்போனில் பாட்டு கேட்க முடியாமல் போய்விடுமோ என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. இயர்போனை நீங்கள் இணைப்பது கைபேசியோடுதானே தவிர, பாட்டுச் செயலியோடு அன்று. செயலி ஒலியைக் கைபேசியின் இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அது எதன் வழியாக ஒலிக்க வேண்டும் என்பதை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இதுதான் நிலை.

அப்படியானால் அந்த அனுமதி எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள, ஒருநாள் மாலை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் வரும் புளூடூத் அலைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைத் திறந்து பார்த்தேன். அரை நிமிடத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகள் வந்துவிட்டன. பல வரிகளுக்குப் பெயரில்லை. பெயருள்ளவற்றில் எங்கள் தொலைக்காட்சி, மாடிவீட்டுத் தொலைக்காட்சி, யாரோ ஒருவருடைய எடை பார்க்கும் கருவி, எதிர்வீட்டுக்காரரின் கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அலையின் வலிமை −45, −80 என்று ஓர் எண்ணாகத் தெரிந்தது; சுழியத்தை நெருங்க நெருங்கச் சாதனம் பக்கத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சற்று நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. கைக்கடிகாரத்தின் எண் −90ஐத் தொட்டு, பிறகு அந்த வரியே மறைந்துபோனது. அவர் வெளியே போய்விட்டார் என்பதை நான் எட்டிப் பார்க்காமலே அறிந்துகொண்டேன். எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

ஆக, இந்த அனுமதி ஒரு சாதனத்தோடு பேசுவதற்கு மட்டும் உரியதன்று. சுற்றியிருப்பவற்றை ஒட்டுக்கேட்கவும் அது வழிவிடுகிறது. கடைகளிலும் விமான நிலையங்களிலும் பீக்கன் எனப்படும் சிறு கருவிகளைப் பொருத்துகிறார்கள். ஆப்பிள் 2013இல் ஐபீக்கன் என்ற பெயரில் இதற்கொரு முறையை அறிமுகப்படுத்தியது. அந்தக் கருவி தன் அடையாள எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்த எண் எந்தக் கடையின் எந்த அலமாரிக்கு உரியது என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், உங்கள் செயலி அந்த எண்ணைக் கேட்ட நொடியில் நீங்கள் நிற்கும் இடத்தை அறிந்துவிடும். இருப்பிட அனுமதியை நீங்கள் மறுத்திருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருக்கக்கூடும். செயலிக்குள் விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட பிறருடைய நிரல்களும் அதே அனுமதியின் கீழ்தான் இயங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதனால்தான் ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத் சாதனத்தைத் தேட விரும்பும் செயலி இருப்பிட அனுமதியையே கேட்க வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் செயலி 'உங்கள் இருப்பிடம் வேண்டும்' என்று பழைய கைபேசியில் கேட்டால், அதைத் திருட்டுத்தனம் என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12தான் இதைத் தனி அனுமதியாகப் பிரித்தது. 'இருப்பிடத்தை ஊகிக்க இதைப் பயன்படுத்தமாட்டேன்' என்று நிரலாளர் அறிவித்துவிட்டால், இருப்பிட அனுமதி இல்லாமலே தேடலாம். அப்போது பீக்கன்கள் சிலவற்றை இயங்குதளமே வடிகட்டிவிடும். ஐபோனில் 2019இன் ஐஓஎஸ் 13 முதல் செயலிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எதற்காக என்ற காரணமும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். அந்த ஒரு வரியைப் படியுங்கள். 'மேம்பட்ட அனுபவத்துக்காக' என்று மட்டும் இருந்தால் நான் மறுத்துவிடுவேன்.

அருகாமைத் தகவலை அற்பமானதாக எண்ணுபவர்களுக்குச் சிங்கப்பூரை நினைவூட்டலாம். 2020 மார்ச்சில் அங்கே வெளியான டிரேஸ்டுகெதர் செயலி, கைபேசிகள் ஒன்றையொன்று புளூடூத் வழியாக அறிந்துகொள்வதைக் கொண்டே தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிந்தது. நீங்கள் போன இடங்களை அது பதியவில்லை. இருந்தும் அத்தகவலைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது பெரும் சலசலப்பு எழுந்தது. அடுத்த மாதமே, கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தால் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் மறுக்கத் தொடங்கிவிடாதீர்கள்; நான் அப்படிச் செய்து அப்பாவைத் தவிக்கவிட்டேன். அவருடைய செவித்துணைக் கருவிக்கான செயலியை நிறுவும்போது, "ஏதோ பர்மிஷன் கேக்குதுப்பா" என்று தொலைபேசியில் சொன்னார். "எது கேட்டாலும் வேண்டாம்னு அழுத்துங்கப்பா" என்றேன் நான். இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். ஆண்ட்ராய்டில் இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தக் கேள்வி மறுபடி வராது; செயலி கருவியைக் கண்டுபிடிக்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்தைக் குறைக்க வழி தெரியாமல், கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பிறகு அமைப்புகளுக்குள் போய், செயலியின் பெயரைத் தேடி, 'அருகிலுள்ள சாதனங்கள்' என்பதை நானே இயக்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் எனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் செயலி நேரடியாகப் பேச வேண்டிய சாதனம் எது? கைக்கடிகாரம், சர்க்கரை அளவிடும் கருவி, மின் ஸ்கூட்டர் என்று ஒரு பொருளைச் சுட்டிக்காட்ட முடிந்தால் கொடுத்துவிடுகிறேன். கூட்டங்களுக்கான அழைப்புச் செயலிகளையும் இதில் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல், அழைப்பின் நடுவே ஹெட்செட்டுக்கு மாற்றிக்கொள்ள அவற்றுக்கு இந்த அனுமதி தேவைப்படுகிறது. மளிகைச் செயலிக்கு அப்படி எந்தச் சாதனமும் இல்லை. காணொளிச் செயலி தொலைக்காட்சியைத் தேடுவதற்காகக் கேட்கக்கூடும். கைபேசியிலேயே படம் பார்ப்பவருக்கு அது தேவையில்லை.

ஏற்கெனவே கொடுத்தவற்றையும் பார்த்துவிடுங்கள். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் புளூடூத் என்ற தலைப்பின் கீழும், ஆண்ட்ராய்டில் அனுமதி மேலாளரிலும் முழுப் பட்டியல் இருக்கிறது. என் பட்டியலில் ஒன்பது செயலிகள் இருந்தன. ஐந்திடமிருந்து திரும்பப் பெற்றேன். மூன்று மாதங்களில் அவற்றுள் ஒன்று மட்டுமே மறுபடி கேட்டது. அது எங்கள் வீட்டு எடை பார்க்கும் கருவிக்கானது, கொடுத்துவிட்டேன்.