மனித இயல்பைப் பற்றிய உண்மையைச் சொல்வது வரலாறா, தொன்மக் கதையா?

பள்ளி நாள்களில் மாரத்தான் கதையைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை ஏதென்ஸ் வென்றது. அந்தச் செய்தியோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடிவந்த வீரன், வென்றுவிட்டோம் என்று சொல்லிய கையோடு உயிர்விட்டான். 1896 ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் பிறந்ததே இந்தக் கதையிலிருந்துதான்.

பின்னாளில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்தேன். போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டில் எழுதியவர். அவரிடம் இந்த ஓட்டமே இல்லை! அவர் சொல்லும் பிலிப்பிடீஸ் என்ற ஏதென்ஸ் ஓட்டக்காரன் போருக்கு முன்பே, உதவி கேட்டு இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவுக்கு ஓடுகிறான். சுமார் 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்கிறான். உதவுகிறோம், ஆனால் முழுநிலவு வரும்வரை புறப்படக்கூடாது என்பது எங்கள் விதி என்கிறார்கள். நிலவு நிறைந்தபின் 2,000 பேர் விரைந்து வந்தபோது போர் முடிந்திருந்தது. பாரசீகரின் பிணங்களைப் பார்த்துவிட்டு, ஏதென்ஸைப் பாராட்டிவிட்டு, ஊர் திரும்பினார்கள்.

இதை எந்தக் கதைசொல்லியும் கற்பனை செய்திருக்க மாட்டான். மறுத்தவர்கள் கொடியவர்கள் இல்லை, விதியை மதித்தவர்கள். உயிரைக் கொடுத்து ஓடிப்போய் நிற்பவனுக்கு நியாயமான காரணத்தோடு கதவு சாத்தப்படுவதை வரலாறுதான் மறக்காமல் வைத்திருக்கிறது.

அதற்காகக் கதையைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. வெற்றிக்குப் பின் உண்மையிலேயே ஓர் ஓட்டம் நடந்தது. பாரசீகக் கப்பல்கள் ஏதென்ஸை நோக்கித் திரும்பவே, களைத்துப்போன ஏதென்ஸ் படை நகரைக் காக்க விரைந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதும்போது ஓடுபவன் ஒருவன்தான். ஆயிரக்கணக்கானோரின் களைப்புக்காக நம்மால் அழ முடிவதில்லை. ஒருவன் விழுந்தால் அழுகிறோம். ஸ்பார்ட்டாவில் வீணான ஓட்டத்தையும் நம் மனம் பொறுக்கவில்லை போலும். அதற்கு ஒரு வெற்றியைக் கொடுத்து, முடிவில் ஒரு மரணத்தையும் வைத்துவிட்டோம்.

வரலாற்றையும் கதையையும் எங்கே பிரிப்பது என்பதும் எளிதில்லை. ஹெரோடோட்டஸின் அதே பக்கங்களில், மலைப்பாதையில் தனியே ஓடும் பிலிப்பிடீஸைப் பான் என்ற தெய்வம் பெயர் சொல்லி அழைக்கிறது; ஏதென்ஸ் மக்கள் ஏன் என்னைக் கவனிப்பதில்லை என்று கேட்கிறது. போருக்குப் பின் அவர்கள் அக்ரோபோலிஸ் குன்றின் கீழே பானுக்குக் கோயில் எழுப்பினார்கள். அந்த ஓட்டக்காரன் எப்போது, எப்படி இறந்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதவே இல்லை.