பாண்டா, பம்பா? கம்பியைக் கான்கிரீட் கவ்விப் பிடிக்க எது முக்கியம்?

காவேரிப்பட்டணம் பக்கம் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பில்லர் 10 அடி உயரம். மேஸ்திரி மேலேயிருந்து பாண்டில் (இரும்புச் சட்டியில்) ஒரே மூச்சாகக் கொட்டிவிடலாம் என்கிறார். என் மைத்துனரோ, ரெடிமிக்ஸ் பம்ப் வைத்தால்தான் கம்பியைக் கான்கிரீட் பிடிக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். பாண்டில் கொட்டி நன்றாக வந்த பில்லரும் உண்டு, பம்ப் வைத்துப் பாழான பில்லரும் உண்டு.

தர்மபுரியில் பழைய பீம் ஒன்றை இடிக்கும்போது மேல்வரிசைக் கம்பி ஒன்றை எடுத்துவிட்டு, அது கிடந்த பள்ளத்தைப் பார்த்தேன். கம்பியின் மேல்பக்கம் இருந்த கான்கிரீட்டில் முறுக்கு வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. கீழ்ப்பக்கத்தில் வரியே இல்லை. வழவழவென்று ஒரு தடம், அவ்வளவுதான். கான்கிரீட் போட்டதும் ஜல்லி கீழே அமரும், தண்ணீர் மேலே ஏறும். கட்டிவைத்த கம்பி அமராது. ஏறும் தண்ணீர் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, காய்ந்த பின் வெற்றிடமாகிவிடும். கம்பியின் வரிகள் கான்கிரீட்டில் முட்டி நிற்பதுதான் பிடிப்பின் பெரும்பங்கு. அடியில் வெற்றிடம் இருந்தால் எதில் முட்டும்? படுக்கைக் கம்பிக்கு அடியில் 12 அங்குலத்துக்கு மேல் கான்கிரீட் போட்டால், அந்தக் கம்பிக்குப் பதிவு நீளத்தை, அதாவது கான்கிரீட்டுக்குள் பதிந்திருக்க வேண்டிய நீளத்தை, 30 சதவீதம் கூட்டச் சொல்கிறது அமெரிக்க விதி. ஆழமான பீமில் மேல் கம்பியின் ஓவர்லாப்பை (இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் நீளத்தை) குறைத்துக் கம்பி மிச்சம் பிடிக்காதீர்கள்.

பில்லரில் கம்பி நிமிர்ந்து நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வேறு வம்பு. 10 அடியிலிருந்து கொட்டினால் கலவை ரிங்குகளில் மோதிப் பிரியும். சாந்து மேலேயே ஒட்டிக்கொள்ள, வெறும் ஜல்லி அடியில் சேரும். பெரும்பாலும் ஓவர்லாப் இருப்பதும் அங்கேதான். பிடிப்பு அதிகம் வேண்டிய இடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும்! கொட்டும் உயரத்துக்கு இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 சொல்லும் எல்லை 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி. பலகையை 5 அடிக்கு அடைத்துப் போட்டுவிட்டு மேலே ஏறுங்கள்; அல்லது நடுவில் ஒரு ஜன்னல் விட்டு அதன் வழியே போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒருமுறை நிறுத்தி வைப்ரேட்டர் விட வேண்டும். வைப்ரேட்டரின் ஊசியை (கான்கிரீட்டுக்குள் விடும் அதிரும் முனையை) செங்குத்தாக இறக்கி, குமிழி வருவது நின்றதும் மெதுவாக உருவ வேண்டும். கம்பி நெருக்கமாக இருந்தால் 25 மி.மீ. ஊசி கேளுங்கள். ஊசி உள்ளே போகவில்லை என்று கம்பியிலேயே வைத்து அதிரவிடுவார்கள், விடாதீர்கள். அதே கம்பி கீழே பாதி இறுகிய கான்கிரீட்டுக்குள்ளும் இருக்கிறது. அதிர்ந்தால் அங்கே பிடி விட்டுப்போகும். நேற்றுப் போட்ட அடித்தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சுத்தியால் தட்டி நேராக்குவதும் இதே தப்புதான்.

பம்ப் என்றால் இரண்டு விஷயம். குழாயை வழுக்கச் செய்ய முதலில் விடும் சிமெண்ட் பாலைப் பில்லருக்குள் விடாமல் வெளியே கொட்டச் சொல்லுங்கள். அப்புறம், கலவை கெட்டியாக இருக்கிறது என்று லாரி டிரம்மில் தண்ணீர் பிடிக்க விடாதீர்கள். கையால் கலக்கும் எம்20 தரக் கான்கிரீட்டுக்கே ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர்தான் உச்சம், மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். கூடுதல் தண்ணீர் எல்லாம் நான் பார்த்த அந்த வழவழத் தடமாகத்தான் முடியும். ஓட்டம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனத்தை ரெடிமிக்ஸ்காரரிடமே சேர்க்கச் சொல்லலாம்.

எண்ணெய் கம்பியில் படாமலிருக்க, பலகைக்கு எண்ணெய் பூசுவதைக் கம்பி கட்டும் முன்பே முடித்துவிடுங்கள். கம்பியில் லேசான செந்துரு இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பலகை பிரித்ததும் கொத்தனார் பூசுவதற்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். தேன்கூட்டில் கம்பி தெரிந்தால் பூச்சு போட்டு மூட வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.